கவர்னர் பேத்தியா, அநாதைப் பெண்ணா?

அமெரிக்காவில் "எங்க முன்னோர் மேஃப்ளவர் கப்பலில் வந்தவங்க" என்று சொல்லிக்கொள்வதில் ஒரு தனிப் பெருமை உண்டு. 1620-ல் இங்கிலாந்திலிருந்து 102 பயணிகளோடு போன கப்பல் அது. இறங்கிய முதல் குளிர்காலத்திலேயே ஏறக்குறைய பாதிப் பேர் செத்துப் போனார்கள்.

அந்த வம்சம் என்று நிரூபிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. 1897-ல் ஆரம்பித்த மேஃப்ளவர் வாரிசுகள் சங்கத்தில் சேர வேண்டுமானால், ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்பு, திருமணம், இறப்பு என்று ஆதாரம் காட்ட வேண்டும். ஆடிட்டர் வவுச்சர் கேட்கிற மாதிரிதான்! "பாட்டி சொன்னாங்க" என்பதெல்லாம் செல்லாது.

ஏன் இவ்வளவு கறார்? ஜான் ஹௌலண்ட் குடும்பத்தின் கதையைப் பார்த்தால் புரியும்.

ஹௌலண்ட் அந்தக் கப்பலில் வேலைக்காரராக வந்தவர். அவருடைய எஜமானர் ஜான் கார்வர்தான் பிளிமத் குடியேற்றத்தின் முதல் கவர்னர். நடுக்கடலில் புயல் அடித்தபோது ஹௌலண்ட் தண்ணீரில் விழுந்துவிட்டார். கப்பலிலிருந்து கடலில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு பாய்க்கயிறு கையில் சிக்கியது... பிழைத்தார். பிறகு எலிசபெத் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். பத்துப் பிள்ளைகள். பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், அப்பா புஷ், மகன் புஷ் ஆகிய மூன்று ஜனாதிபதிகளும் இந்த வம்சம்தான்.

அந்த ஒரு கயிறு கிடைக்காமல் போயிருந்தால்?

சரி, எலிசபெத் யார்? கவர்னர் கார்வரின் பேத்தி என்றுதான் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை சொல்லி வந்தார்கள். எஜமானர் வீட்டுப் பெண்ணையே வேலைக்காரர் மணந்தார் என்றால் கேட்க நன்றாகத்தானே இருக்கிறது!

கார்வருக்குப் பிறகு கவர்னரான வில்லியம் பிராட்ஃபோர்ட், குடியேற்றத்தின் வரலாற்றைக் கையால் எழுதி வைத்திருந்தார். பாஸ்டனில் இருந்த அந்தக் கையெழுத்துப் பிரதி, அமெரிக்கச் சுதந்திரப் போர்க் காலத்தில் காணாமல் போனது. 1855-ல் லண்டன் பிஷப்பின் நூலகத்தில் அது இருப்பது தெரிந்தது. அடுத்த வருடமே அச்சிட்டார்கள். கப்பலில் யார் யார் வந்தார்கள், பிறகு என்ன ஆனார்கள் என்று அதில் ஒரு பட்டியல். எலிசபெத், ஜான் டில்லி என்பவரின் மகள் என்று அதில் தெளிவாக இருந்தது.

அவர் பதின்மூன்று வயதில் அப்பா அம்மாவோடு கப்பல் ஏறியவர். முதல் குளிர்காலத்தில் இருவருமே இறந்துவிட்டார்கள். கூட வந்த சித்தப்பாவும் சித்தியும்கூட மிஞ்சவில்லை. புது ஊரில் தன்னந்தனியாக நின்ற அந்தப் பெண்ணுக்குத்தான் பின்னால் வந்தவர்கள் ஒரு கவர்னர் தாத்தாவைத் தேடிக் கொடுத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் பெட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்து ஹென்லோ கிராமத்தின் சர்ச் பதிவேட்டில், 1607-ல் எலிசபெத்துக்கு ஞானஸ்நானம் கொடுத்த குறிப்பும் இருக்கிறது.

உண்மை வெளியே வந்ததும் குடும்பத்துக்குக் கவர்னர் உறவு போய்விட்டது, நிஜம்தான். ஆனால் அந்த ஒரு பொய்யால் இன்னொன்றும் நடந்திருந்தது. மகளை இவ்வளவு தூரம் அழைத்து வந்து, கொண்டு சேர்த்த கையோடு இறந்துபோன அப்பாவும் அம்மாவும் அந்தக் குடும்பத்தின் கணக்கிலேயே இல்லாமல் போயிருந்தார்கள். 1856-க்குப் பிறகுதான் தங்கள் மகளின் பேருக்கு மேலே அவர்கள் பேரும் ஏறியது.

வம்சத்தில் பெரிய மனுஷர் யார் என்று தேடுகிறவர்களே, கொஞ்சம் இந்த மாதிரி ஆட்களையும் தேடிப் பாருங்களேன்!