சேலத்துக்கு ஒரு பஸ்

1981 ஜூலை 23. பம்பாயில் மழைக்காலம். மேற்கு விரைவு நெடுஞ்சாலையின் நடைபாதையில் பிளாஸ்டிக் விரிப்பும் கித்தானும் கொண்டு கட்டியிருந்த ஒரு குடிலை மாநகராட்சி அதிகாரிகள் இடித்துப் போட்டார்கள். உள்ளே இருந்தது ஒரு தமிழ்க் குடும்பம். கணவன், மனைவி, மூன்று மகள்கள். ஐந்து பேரும் பஸ்ஸில் ஏற்றப்பட்டார்கள். பஸ் சேலத்துக்குப் புறப்பட்டது.

குடும்பத் தலைவர் சேலத்தில் நிலமில்லாத விவசாயக் கூலி. மழை பொய்த்து வேலை போனதும் 1961-ல் பம்பாய் வந்தார். தஹிசரில் ஒரு ரசாயனக் கம்பெனியில் நாளொன்றுக்கு 23 ரூபாய் கூலி. நடைபாதையில் அந்த இடத்தைப் பிடிக்கப் பகுதி தாதாவுக்கு அவர் அழுத தொகை 2,500 ரூபாய். அதாவது, நூற்றுச் சொச்சம் நாள் உழைப்பு. பொதுச் சொத்தை இலவசமாக ஆக்கிரமித்தவர் என்று நடைபாதைவாசியைப் பற்றிச் சொல்பவர்களுக்கு இந்தக் கணக்கு தெரிவதில்லை. அவர் இலவசமாக எதையும் பெறவில்லை. காசு போன இடம்தான் வேறு.

இடிப்பதற்குப் பத்து நாள் முன்னால், ஜூலை 13 அன்று, மகாராஷ்டிர முதல்வர் ஏ.ஆர். அந்துலே ஓர் அறிவிப்பு வெளியிட்டார். நடைபாதைவாசிகள் அனைவரும் அகற்றப்பட்டு அவரவர் சொந்த ஊருக்கோ நகரத்துக்கு வெளியிலோ அனுப்பப்படுவார்கள். போலீஸ் கமிஷனர் மாநகராட்சிக்குத் துணை நிற்க வேண்டும். இதற்கு முதல்வர் சொன்ன காரணம்தான் கவனிக்க வேண்டியது. சட்டம் ஒழுங்கு என்றோ போக்குவரத்து இடைஞ்சல் என்றோ அவர் சொல்லவில்லை. இது மனிதர் வாழக்கூடிய வாழ்க்கையே அல்ல, இந்தக் கூரைகள் மழைக்குத் தாங்காது, மழைக்காலத்தில் இவர்கள் எப்படி நிம்மதியாக இருப்பார்கள் என்றார். ஆக, கூரையைப் பிரித்தது இரக்கம். அதுவும் கொட்டுகிற மழையில்.

சேலத்துக்காரர் என்ன செய்தார்? மனைவியையும் மகள்களையும் சேலத்தில் விட்டுவிட்டு பம்பாய்க்கே திரும்பினார். வேலை அங்கேதானே இருந்தது! மறுபடியும் ஒரு நடைபாதை, மறுபடியும் ஒரு குடில். அரசின் கருணைக்குப் பிறகு மிஞ்சியது இதுதான்: முன்பு ஒரே கூரையின் கீழ் இருந்த குடும்பம் இப்போது இரண்டு ஊர்களில்.

இந்த விவரங்கள் எல்லாம் எப்படி வெளியில் தெரிய வந்தன? சேலத்துக்காரர் உச்ச நீதிமன்றம் போனார். அவருடன் சங்கம்னேரிலிருந்து வந்த ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளியும், பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸும் மனுதாரர்கள். இன்று உலகெங்கும் சட்டக் கல்லூரிகளில் படிக்கப்படும் 'ஓல்கா டெல்லிஸ் எதிர் பம்பாய் மாநகராட்சி' வழக்கு இதுதான். இதோடு சேர்த்து விசாரிக்கப்பட்ட மனுக்களில் ஒரு பகுதி, நெடுஞ்சாலையை ஒட்டிய 'காமராஜ் நகர்' குடிசைவாசிகளுடையது. பெயரே சொல்லிவிடும், எந்த ஊர்க்காரர்கள் அங்கே குடியேறினார்கள் என்று. நெடுஞ்சாலை ஓரமாகத் தண்ணீர்க் குழாய் பதிக்க வந்த தொழிலாளர்கள் 1960 வாக்கில் போட்ட குடிசைகள் ஐந்நூறுக்கு மேல் பெருகியிருந்தன. இன்னொரு பகுதி மனுதாரர்கள் மாஹிமில் துளசி பைப் ரோட்டில் இருந்தவர்கள். ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் அந்தச் சாலை, அந்தப் பக்கம் சற்றுத் தள்ளி தாராவி.

அவர்களுக்கு ஏற்கெனவே உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடை கிடைத்திருந்தது. அக்டோபர் 15 வரை இடிக்க மாட்டோம் என்று ஜூலை 21-ல் அரசுத் தரப்பு ஒப்புக்கொண்டது. இரண்டே நாளில் அரசுப் போக்குவரத்து பஸ்களில் மக்கள் அடைக்கப்பட்டார்கள் என்கிறது மனு. வழியில் இரண்டு குழந்தைகள் பிறந்தன, இரண்டு குழந்தைகள் இறந்தன என்றும் அதில் இருக்கிறது.

தீர்ப்பின் ஆங்கிலத்தில் இந்த அனுப்புதலுக்குப் பயன்பட்ட சொல், அயல்நாட்டவரை வெளியேற்றச் சொல்வது. தமிழில் 'நாடு கடத்தல்'. இந்தியக் குடிமகன் ஒருவர் இந்திய நகரம் ஒன்றிலிருந்து இந்தியாவில் உள்ள இன்னொரு நகரத்துக்கு நாடு கடத்தப்பட்டார்! நாட்டின் எந்தப் பகுதியிலும் குடியிருக்கலாம் என்கிறது அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு. இதையே 1948-ன் உலக மனித உரிமைப் பிரகடனம் 13-வது பிரிவில் சொல்கிறது. அந்தப் பிரகடனத்தின் முதல் வரியில் 'எல்லா ஆண்களும்' என்று பொருள்படும்படி இருந்ததை 'எல்லா மனிதர்களும்' என்று மாற்ற வைத்தவர், பம்பாய் சட்ட மேலவையில் இருந்த ஹன்ஸா மேத்தா. குடியிருக்க வீடு பெறும் உரிமையைப் பேசும் ஐ.நா.வின் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்தது 1979 ஏப்ரலில். பஸ்கள் புறப்பட்டபோது அந்தக் கையெழுத்துக்கு இரண்டு வயதுதான்.

பம்பாய்க்குப் பிழைக்க வந்த தமிழர் எல்லோருக்கும் இப்படி பஸ் வந்ததா என்றால், இல்லை. மாட்டுங்காவுக்கு வரவில்லை. தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு மெட்ராஸ் மெயிலில் வந்திறங்கியவர்கள் அங்கே பள்ளிகளையும் கோயில்களையும் சபாக்களையும் கட்டி எழுப்பினார்கள். தாராவிக்கு வந்தவர்களில் முன்னோடிகள் திருநெல்வேலிப் பக்கத்துத் தோல் பதனிடுபவர்கள். மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் நடுவே நடந்து கடக்கும் தூரம்தான். 1960-களின் பிற்பகுதியில் சிவசேனை தென்னிந்தியருக்கு எதிராகக் கிளம்பியபோது இருவருக்கும் சேர்த்துத்தான் வசவு. ஆனால் 'மனிதாபிமான' நடவடிக்கை என்று வந்தபோது ஒரு தமிழர் வீட்டுப் பத்திரத்தைக் காட்ட முடிந்தது, இன்னொருவரால் முடியவில்லை. உரிமை இருவருக்கும் ஒன்றுதான். இரக்கம் மட்டும் ஆள் பார்த்து வந்தது.

உலக அரசியலில் இது பழைய சிக்கல். துன்பப்படுகிறவனுக்கு உதவி என்று பலசாலி கிளம்பும்போது, என்ன உதவி, எப்போது, எவ்வளவு என்பதையும் அவனே தீர்மானிக்கிறான். தமிழர்களுக்கு இதற்கு உதாரணம் தேடி சோமாலியாவுக்கும் கொசோவோவுக்கும் போக வேண்டியதில்லை. 1987 ஜூன் 4 அன்று இந்திய விமானப் படையின் ஏ.என்.-32 விமானங்கள் ஐந்து, மிராஜ் போர் விமானங்களின் துணையோடு யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொருள்களைப் போட்டன. முந்தின நாள் ராமேஸ்வரத்திலிருந்து நிவாரணத்துடன் போன படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியிருந்தது. 'பூமாலை' என்று பெயர் சூட்டப்பட்ட அந்த நடவடிக்கையை மனிதாபிமான உதவி என்றது இந்தியா; இறையாண்மை மீறல் என்றது இலங்கை. இரண்டிலும் உண்மை இருந்தது. யாழ்ப்பாணத்தின் பசியும் பொய்யில்லை. அடுத்த மாதம் 29-ந் தேதி டெல்லியும் கொழும்பும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. பின்னாலேயே இந்திய அமைதி காக்கும் படை போனது. அக்டோபரில் அதே யாழ்ப்பாணத்தில் சண்டையும் மூண்டது. உணவைப் பெற்றுக்கொண்ட மக்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் தரப்பாக இருக்கவில்லை.

பஸ்ஸில் ஏற்றப்பட்ட சேலத்துக்காரரும் அப்படித்தான். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கூரைக்கு முன்னால் வேலையைச் சொல்லியிருப்பார். உச்ச நீதிமன்றம் கடைசியில் பிடித்துக்கொண்டதும் அந்த இடத்தைத்தான். 1985 ஜூலை 10-ல் தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் தலைமையில் ஐந்து நீதிபதிகள் அளித்த தீர்ப்பு, பிழைப்புக்கு வழியில்லாமல் உயிர் வாழும் உரிமைக்கு அர்த்தமில்லை என்றது. நடைபாதையிலிருந்து துரத்தினால் வேலை போகும், வேலை போனால் பிழைப்பு போகும். எனவே இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். நீதிபதிகளில் ஒருவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏ.வரதராஜன். நடைபாதையில் குடில் போட அடிப்படை உரிமை இல்லை என்று இவர்களே உயர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்களே என்று மாநகராட்சி வாதாடியது. அடிப்படை உரிமையை யாரும் எழுதிக் கொடுத்துவிட முடியாது என்றது நீதிமன்றம்.

இத்தனையும் சொன்ன தீர்ப்பு, இடிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. முன்னறிவிப்புக் கொடுத்து, அவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு அகற்றலாம் என்றது. மாநகராட்சி கேட்கவில்லையே? அதனாலென்ன, நாங்கள்தான் விரிவாகக் கேட்டுவிட்டோமே என்று நீதிமன்றமே அந்தக் குறையை நிரப்பிக்கொண்டது! மழை முடியும்வரை, அக்டோபர் 31 வரை, நடைபாதைக் குடில்களைத் தொடக் கூடாது. 1976 கணக்கெடுப்பில் அடையாள அட்டை பெற்றவர்களுக்கு மாற்று இடம் தர வேண்டும். உரிமையைக் கொள்கையாகக் கொடுத்து, சலுகையாகச் சுருக்கிய தீர்ப்பு என்று விமர்சித்தவர்கள் உண்டு. அது முழு நியாயமல்ல. கேட்காமல் அகற்றக் கூடாது என்று எழுதி வைத்ததே அன்றைக்குப் பெரிய விஷயம். கட்டாய வெளியேற்றம் மனித உரிமைகளைக் கடுமையாக மீறும் செயல் என்று ஐ.நா. மனித உரிமை ஆணையம் தீர்மானம் போட்டது அதற்கு எட்டு வருஷம் கழித்து, 1993-ல்தான்.

'கேட்பது' என்பதை நீதிமன்றத்துக்கு வெளியே செய்து காட்டியவர் இன்னொரு தமிழர். கோலார் தங்க வயலில் பிறந்து, 1960-களில் பம்பாய் வந்து தச்சு வேலை பார்த்த ஜாக்கின் அற்புதம். செம்பூரை அடுத்த மான்குர்தில் ஜனதா காலனியில் வசித்தார். அது மாநகராட்சியே நகரத்தின் வேறு பகுதிகளிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய இடம். அங்கே யாரும் குப்பை அள்ளவில்லை. காலனிப் பிள்ளைகளைக் கொண்டு குப்பையை மூட்டை கட்டி மாநகராட்சி அலுவலகத்தின் வாசலிலேயே கொட்ட வைத்தார். அவரது அரசியல் பாடம் அங்கேதான் தொடங்கியது. பின்னர் பக்கத்தில் இருந்த பாபா அணுசக்தி ஆராய்ச்சி நிலையத்துக்கு அந்த நிலம் தேவைப்பட்டது. வருஷக்கணக்கில் போராட்டம். கடைசியில் நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ல், காலனி இடிக்கப்பட்டது. சுமார் 70 ஆயிரம் பேர் டிராம்பேயில் இப்போதைய சீத்தா கேம்புக்கு மாற்றப்பட்டார்கள்.

போராட்டத்தில் தோற்றவர் அதிலிருந்து ஒரு வழியைக் கற்றுக்கொண்டார். இடிக்க வரும் அதிகாரியிடம் கணக்கு இருக்கிறது, இடிபடுகிறவனிடம் இல்லை. ஆகவே குடிசைவாசிகள் தாங்களே தங்களை எண்ண வேண்டும். 1985 தீர்ப்பையடுத்து 'ஸ்பார்க்' என்ற அமைப்பு நடைபாதைவாசிகளை வீடு வீடாகக் கணக்கெடுத்தது. பைகுல்லாவின் நடைபாதைப் பெண்கள் 'மகிளா மிலன்' என்று சேர்ந்தார்கள். ஜாக்கினின் தேசியக் குடிசைவாசிகள் சம்மேளனமும் கைகோத்தது. அஞ்சியபடி அந்த நவம்பரில் பெரிய இடிப்பு நடக்கவில்லை. அரசாங்கத்தோடு உட்கார்ந்து பேசுகிறார், சமரசக்காரர் என்று தோழர்கள் சிலர் அவரைக் குறை சொன்னது உண்டு. அவர் கவலைப்படவில்லை. தென்னாப்பிரிக்கக் குடிசைவாசிகள் இங்கே வந்தார்கள், இங்குள்ளவர்கள் அங்கே போனார்கள். 1996-ல் அது பல நாட்டுக் குடிசைவாசிகளின் சர்வதேசக் கூட்டமைப்பாக ஆனது. 2000-ல் அமைதிக்கும் சர்வதேசப் புரிதலுக்குமான மகசேசே விருது ஜாக்கினுக்குக் கிடைத்தது. 2018-ல் மும்பையில் காலமானார்.

இப்போது கணக்கெடுப்பு தாராவியில். அதை மறுசீரமைக்கும் ஒப்பந்தத்தை 2022-ல் அதானி குழுமம் வென்றது. தாராவியிலேயே இலவச வீடு பெற, 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே அங்கே இருப்பதற்கான ஆதாரம் காட்ட வேண்டும். மற்றவர்கள் தாராவிக்கு வெளியே போக வேண்டும். அதற்கென மாநில அரசு ஒதுக்க முன்வந்த இடங்களில் ஒன்று தேவ்நார் குப்பைக் கிடங்கு நிலம். சீத்தா கேம்புக்கும் அதற்கும் அதிக தூரமில்லை. இந்தத் திட்டத்துக்குச் சொல்லப்படும் காரணங்களிலும் மனிதர் வாழத் தகுதியற்ற நிலைமை என்ற வாதம் இருக்கிறது. அதில் தப்பு சொல்ல முடியாது. ஒரு பொதுக் கழிப்பறைக்கு எத்தனை குடும்பம் வரிசையில் நிற்கிறது என்று பார்த்தவர்களுக்கு அது தெரியும். ஆனால் ஓர் அறையில் இருந்துகொண்டு இட்லி மாவு அரைத்து, அதிகாலையில் தலையில் அண்டாவோடு கிளம்புகிறவரிடம், 1999-ல் எங்கே இருந்தாய் என்பதற்குக் காகிதம் கேட்கிறார்கள். அவரிடம் இருப்பது வாடிக்கைக்காரர்களின் கடன் நோட்டு மட்டும்.