அகராதியோடு ஒரு தேர்வு

மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் முனைவர் பட்ட ஆய்வாளர்கள் கடந்தாக வேண்டிய தேர்வு ஒன்று உண்டு. ஆய்வுக்குத் தேவையான அயல்மொழியில் ஓரிரு பக்கங்களைக் கொடுத்து, பெரும்பாலும் அகராதியையும் அனுமதித்து, சில மணி நேரத்தில் மொழிபெயர்க்கச் சொல்வார்கள். அம்மொழியில் பேசவோ எழுதவோ வேண்டுவதில்லை. படித்துப் பொருள் கொண்டால் போதும்.

போடிநாயக்கனூர்ப் பக்கத்திலிருந்து சென்று, நாயக்கர் கால வரலாற்றை ஆராயும் மாணவி ஒருத்தி, பிரெஞ்சு மொழியில் இத்தேர்வை எழுதி முதல்முறை தேறவில்லை. மறுமுறையும் தவறினால் ஆய்வே நின்றுவிடும் என்ற நிலை. அவளுடைய தாய் விடியுமுன் ஜீப்பேறி, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, போடிமெட்டுக்கு அப்பால் ஏலத்தோட்ட வேலைக்குப் போய்வருபவர். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் என்னிடம் வந்தார்.

"சாமி, அந்த மொழியில பேசவே வேணாமாம். இப்பத்தான் போனைக் காட்டுனா அதுவே தமிழ்ல சொல்லிருதே. அப்புறம் எதுக்குச் சாமி பிள்ளையை நிறுத்தி வைக்கிறாங்க?"

நியாயமான கேள்வி. ஆய்வுக்கு வேண்டிய சான்றெல்லாம் தமிழிலேயே இருக்கும்போது, விதி என்பதற்காக ஒருவரைப் பிரெஞ்சு படிக்கச் சொல்வது வெறும் சடங்குதான். இந்தப் பெண்ணின் நிலை அப்படிப்பட்டதன்று.

பதினேழாம் நூற்றாண்டில் மதுரை மறைபரப்புப் பணியில் இருந்த இயேசு சபையார், பஞ்சத்தையும் போரையும் திருமலை நாயக்கரின் ஆட்சியையும் தம் சபைத் தலைவர்களுக்குக் கடிதங்களில் எழுதினர். அவை போர்த்துக்கீசியம், இலத்தீன் முதலிய மொழிகளில் அமைந்தவை. அவற்றில் பலவற்றைப் பெர்த்ராந்து அடிகளார் பிரெஞ்சில் பெயர்த்து, 1847 முதல் 1854 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்டார். அத்தொகுதிகளிலிருந்து சிலவற்றை ஆங்கிலமாக்கித் தம் மதுரை நாயக்கர் வரலாற்றில் சேர்த்தார் சத்தியநாத ஐயர். அந்நூல் வெளிவந்தது 1924இல். அந்த ஆங்கிலத்தின் வழியாகவே பல செய்திகள் தமிழுக்கு வந்தன. நம் பாட்டன்மார் பட்ட பசியைப் பற்றிய சொற்கள் மூன்று முறை கைமாறி நம்மிடம் வந்து சேர்ந்திருக்கின்றன! ஒவ்வொரு கையிலும் என்ன சிந்தியது என்பதைத் திரும்பிப் போய்ப் பார்ப்பவருக்கே தெரியும்.

கைபேசி அங்கே போகாதா என்று கேட்கலாம். போகும், விரைவாகவே போகும். ஆனால் ஒரு சொல் இரு பொருள் தரும் இடத்தில் அது பெரும்பாலும் ஒன்றை மட்டும் எடுத்துத் தந்துவிடும். மற்றொன்று இருந்ததையே நாம் அறியமாட்டோம். யோவான் நற்செய்தி மூன்றாம் அதிகாரத்தில், நிக்கதேமிடம் ஆண்டவர் சொல்லும் 'அனோதென்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு 'மறுபடியும்' என்றும் பொருள், 'மேலிருந்து' என்றும் பொருள். முதற்பொருளைப் பிடித்துக்கொண்டதால்தான் அந்த முதியவர் தாயின் வயிற்றுக்குள் திரும்பப் போவதைப் பற்றிப் பேசுகிறார். அதே அதிகாரம் முப்பத்தோராம் வசனத்தில் அச்சொல் 'மேலிருந்து' என்றே நிற்கிறது. இரண்டையும் ஒருசேரத் தாங்கும் ஒற்றைச் சொல் தமிழில் இல்லை. இலத்தீன் வுல்காத்தாவும் 'மறுபடியும்' என்ற பொருளைத்தான் தேர்ந்தது. உரோமையிலுள்ள விவிலிய நிறுவனம் கிரேக்கமும் எபிரேயமும் அறியாதவரை உயர்பட்ட வகுப்பில் அமர்த்தாததன் காரணம் இதில் விளங்கும்.

1962இல் திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான், குருமடங்களில் முதன்மையான இறையியல் பாடங்களை இலத்தீனிலேயே கற்பிக்கப் பணித்தார். அது நிலைக்கவில்லை. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், திரு அவையின் ஏடுகளைப் புரிந்து பயன்படுத்தும் அளவுக்குக் குருமாணவர் இலத்தீன் அறிந்திருக்கட்டும் என்றது. அளவறிந்த சொல்! அதையும் நம்மில் பலர் இறக்கி வைத்துவிட்டோம் என்பது வேறு கதை.

இவற்றையெல்லாம் அந்தத் தாயிடம் சொல்லவில்லை. கடிதங்கள் கைமாறி வந்த கதையை மட்டும் சொன்னேன். மலைமேல் மலையாளப் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துப் பேருந்தேறுகிறவர் அவர். சற்று யோசித்துவிட்டு, "கேட்டு ஏறுனா சில நேரம் தப்பான வண்டியில ஏத்தி விட்ருவாங்க சாமி" என்றார்.

மகள் இரண்டாம் முறை தேறினாள். இப்போது யாரும் கேளாமலே போர்த்துக்கீசியம் படிக்கிறாள். மதுரைப் பணியில் இருந்த அந்தாம் தெ புரோவென்சா அடிகளார் தொகுத்து, 1679இல் அச்சான தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி, தனிநாயகம் அடிகளாரின் முயற்சியால் 1966இல் கோலாலம்பூரில் மீண்டும் வெளிவந்தது. அதன் படி ஒன்று எங்கே கிடைக்கும் என்று கேட்டு எனக்கு எழுதியிருக்கிறாள்.