கை கீழே இருக்கட்டும்



மேற்படிப்புக்கு அமெரிக்கா வரும் நம் பிள்ளைகளைப் பற்றி ஊரில் விசாரிப்பவர்கள், கல்விக் கடன் எவ்வளவு, வேலை கிடைத்ததா என்ற இரண்டு கேள்விகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தப் பிள்ளைகளில் சிலர் வெள்ளிக்கிழமை பிற்பகல்களில் எங்கே போகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

பாஸ்டனுக்கு மேற்கே சிறப்புக் குழந்தைகளுக்கான பள்ளி ஒன்று இருக்கிறது. பார்வையும் செவித்திறனும் சேர்ந்து குறைந்தவர்கள், பெருமூளை வாதம் உள்ளவர்கள், பேச்சு வராதவர்கள் அங்கே படிக்கிறார்கள். வேலூர், திருச்சி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எம்.எஸ். படிக்க வந்த மாணவர்கள் சிலர் வாரம் தவறாமல் அங்கே தன்னார்வலர்களாகப் போகிறார்கள். ரயில் எட்டாத இடம் என்பதால் அவர்களைக் காரில் கொண்டுபோய் விடுவது என் பொறுப்பு. கூட நின்று பார்த்ததில் நான் கற்றதும் நிறைய.

உள்ளே நுழைவது அவ்வளவு எளிதில்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் குழந்தைகளோடு பழகப் போகிறவர்கள் மீது குற்ற வழக்கு ஏதேனும் உண்டா என்று முதலில் சரிபார்க்கிறார்கள். பிறகு பயிற்சி வகுப்பு. படம் எடுக்கக் கூடாது; குழந்தையின் பெயரை வெளியே சொல்லக் கூடாது; விழுங்குவதில் சிரமம் உள்ள பிள்ளைகள் இருப்பதால், ஆசையாக ஒரு பிஸ்கட்கூட நீட்டக் கூடாது. மாணவர் விசாவில் இருப்பவர்கள் சம்பள வேலை செய்வதற்குக் கடுமையான கட்டுப்பாடு உண்டு. லாப நோக்கமில்லாத அமைப்பில் ஊதியமின்றிச் செய்யும் தொண்டுக்குத் தடை இல்லை. ஆனாலும் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள் என்று பள்ளியிலேயே சொல்லி அனுப்புகிறார்கள்.

திருநெல்வேலிப் பையனுக்கு முதல் நாள் கொடுத்த வேலை, கண்ணும் காதும் இயங்காத ஒரு சிறுவனோடு உட்கார்ந்து மரக்கட்டைகளைப் பெட்டியில் போடுவது. இவன் நல்லெண்ணத்தோடு சிறுவனின் மணிக்கட்டைப் பிடித்துக் கட்டையை நோக்கி நகர்த்தினான். சிறுவன் வெடுக்கென்று கையை இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டான். ஆசிரியை வந்தார், கடிந்துகொள்ளவில்லை. தன் கையை மேசைமேல் வைத்து, சிறுவனின் விரல்கள் அதன்மேல் வந்து படியும்வரை காத்திருந்தார். பிறகு கையை மெல்ல நகர்த்தினார். மேலே இருந்த சின்ன விரல்களும் கூடவே பயணம் செய்தன. கட்டையை ஆசிரியையின் கை எடுத்தது. எடுப்பது எப்படி என்பதைச் சிறுவனின் கை தெரிந்துகொண்டது. பிடிக்காவிட்டால் எந்த நொடியிலும் அவன் விலகிக்கொள்ளலாம். அவனுக்குக் கண்ணும் காதும் அந்த விரல்கள்தான். அவற்றை மேலிருந்து பிடித்து அழுத்தினால் அவன் உலகத்தை நாம் மூடிவிடுகிறோம் என்று அவர் விளக்கினார்.

உதவுகிறவரின் கை கீழே, கற்கிறவரின் கை மேலே. பார்வையும் செவியும் இழந்த குழந்தைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்கள் அனைவரும் அறிந்த முறை இது. தொண்டு என்று நாம் சொல்லும் எல்லாவற்றுக்கும் இதுவே அடிப்படையாக இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்னொரு பாடம், காத்திருப்பது. கண்ணில் கோளாறு இல்லாமல், கண் கண்டதை மூளை புரிந்துகொள்வதில் குறை உள்ள குழந்தைகள் இப்போது அதிகம். வளர்ந்த நாடுகளில் குழந்தைகளின் பார்வைக் குறைக்கு முதன்மையான காரணமே இதுதான். பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் நிறப் பொருளைக் கறுப்புத் துணியின் முன்னால் மெல்ல அசைத்துக் காட்டுகிறார்கள். காட்டிய பிறகு பேசக் கூடாது, சத்தம் எழுப்பக் கூடாது. அந்தப் பார்வை வந்து சேர நேரம் தர வேண்டும். எதையும் சட்டென்று முடித்துப் பழகிய நம் பொறியியல் பிள்ளைகளுக்கு இது கடினமாகத்தான் இருந்தது.

இந்தக் கல்விமுறைக்கு இந்த மண்ணில் நீண்ட வரலாறு உண்டு. பாஸ்டனை ஒட்டிய வாட்டர்டவுனில் இருக்கும் பெர்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளி 1829-இல் உருவானது. லாரா பிரிட்ஜ்மன் என்ற சிறுமி 1837-இல் அங்கே வந்தபோது அவளுக்கு 7 வயது. கண்ணும் காதும் இல்லை. பள்ளியின் இயக்குநர் சாமுவேல் கிரிட்லி ஹோவ் கரண்டி, சாவி போன்ற பொருள்களில் மேடெழுத்துச் சீட்டுகளை ஒட்டி, அவற்றைத் தடவிப் பார்க்கவைத்து அவளுக்கு மொழியைக் கற்றுக்கொடுத்தார். நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1842-இல் அந்தப் பள்ளிக்குப் போய் அவளைப் பற்றி எழுத, உலகமே தெரிந்துகொண்டது. பிற்பாடு அதே பள்ளிக்கு ஏழைகள் விடுதியிலிருந்து அரைகுறைப் பார்வையோடு வந்து படித்தவர் ஆன் சல்லிவன். விரலால் உள்ளங்கையில் எழுத்துகளை உணர்த்தும் மொழியில் லாராவோடு பேசிப் பழகியவர். 1887-இல் அவர் ஹெலன் கெல்லருக்குக் கற்பிக்க அலபாமா போனபோது அவருக்கு வயது 20. நான் காரில் அழைத்துப் போகும் பிள்ளைகளைவிட ஒன்றிரண்டு வயது சிறியவர்!

பெர்கின்ஸ் என்றதும் வேலூர்ப் பெண்ணின் கதையைச் சொல்லியாக வேண்டும். வகுப்பறை மேசையில் பழைய தட்டச்சுப் பொறி போன்ற ஒரு கருவி இருந்தது. பிரெய்லின் ஆறு புள்ளிகளுக்கு ஆறு விசை, நடுவே இடைவெளிக்கு ஒரு விசை. பெர்கின்ஸ் பள்ளியில் மரவேலை ஆசிரியராக இருந்த டேவிட் ஆபிரகாம் வடிவமைத்து, 1951-இல் வெளிவந்த பிரெய்லர் அது. அதைப் பற்றிப் படிக்கப் போனவள் ஒருநாள் காரில் ஏறியதும் படபடவென்று சொன்னாள்: “அங்கிள், இதை எங்க காட்பாடியில செஞ்சிருக்காங்க! நாலு வருஷம் அந்த ஸ்டேஷன்ல இறங்கி ஏறியிருக்கேன், எனக்குத் தெரியவே இல்ல.” உண்மைதான். காட்பாடியில் இருக்கும் வொர்த் டிரஸ்ட், தொழுநோயிலிருந்து குணமானவர்களுக்கு மறுவாழ்வு தருவதற்காக 1960-களில் தொடங்கப்பட்ட நிறுவனம். பெர்கின்ஸ் பிரெய்லர்களை அங்கே தயாரித்த கைகளில் பல மாற்றுத்திறனாளிகளின் கைகள். அமெரிக்கக் குழந்தை எழுதுவதற்கு நம் ஊர் மாற்றுத்திறனாளி கருவி செய்து தந்திருக்கிறார். கொடுக்கிறவர் யார், வாங்குகிறவர் யார் என்று நாம் வைத்திருக்கும் கணக்கையே இது மாற்றிவிடுகிறது.

நம் பிள்ளைகளின் படிப்பும் அங்கே பயன்படுகிறது. திருச்சிப் பையன் மின்னணுவியல் மாணவன். அவன் செய்ததை அருகிலிருந்து பார்த்தேன். பேட்டரியில் ஓடும் குரைக்கும் பொம்மை நாய் ஒன்று. அதன் விசையோ, விரல் வளையாத குழந்தையால் தொட முடியாத அளவுக்குச் சின்னது. மெல்லிய செப்புத் தகடு இரண்டை வெட்டி, நடுவே மின்சாரம் கடத்தாத அட்டையை வைத்து ஒட்டினான். ஒவ்வொரு தகட்டிலும் ஒரு கம்பியைப் பற்றவைத்து, மறுமுனைகளை 3.5 மி.மீ. ஜாக்கில் சேர்த்தான். தகட்டைப் பேட்டரிக்கும் அதன் முனைக்கும் நடுவே செருகியதும் மின்சுற்று அறுந்தது. பொம்மையை இயக்கும் அதிகாரம், ஜாக்கில் மாட்டிய உள்ளங்கை அகலச் சிவப்புப் பொத்தானுக்கு வந்துவிட்டது.

பெருமூளை வாதம் உள்ள ஒரு சிறுமிக்காகச் செய்தது அது. தலையை இடப்பக்கம் சாய்ப்பது ஒன்றுதான் அவள் விருப்பப்படி செய்யக்கூடிய அசைவு. சக்கர நாற்காலியின் தலைப்பகுதியில் பொத்தானைப் பொருத்தினார்கள். தலை தற்செயலாகப் பட்டது, நாய் குரைத்தது. தலையை எடுத்தாள், நின்றுவிட்டது. சிறிது நேரம் அசையாமல் இருந்தாள். பிறகு வேண்டுமென்றே சாய்ந்தாள். நாய் மறுபடி குரைத்ததும் அவள் போட்ட சத்தம் நடைவழிவரை கேட்டது. ‘நான் செய்தால் ஏதோ நடக்கிறது’ என்று ஒரு குழந்தை தெரிந்துகொள்வதுதான் எல்லாப் பேச்சுக்கும் முதல் படி என்று ஸ்பீச் தெரபிஸ்ட் சொன்னார். இந்தப் பொத்தானில் தொடங்கி, வேண்டும், வேண்டாம் என்று சொல்ல உதவும் கருவிவரை போக முடியும்.

மற்றவர்கள் அட்டைவேலை செய்கிறார்கள். கனமான மூன்றடுக்கு நெளி அட்டையை வெட்டி ஒட்டி, கால் தொங்கும் பிள்ளைக்குப் பாதத் தாங்கி, சரியும் பிள்ளைக்கு முதுகணை. பெர்கின்ஸ் பள்ளியில் இதற்கென்றே ஒரு பட்டறையை உருவாக்கி, பின்னர் நியூயார்க்கில் தனி அமைப்பு தொடங்கியவர் அலெக்ஸ் ட்ரூஸ்டெல்; அவருக்கு 2015-இல் மெக்கார்தர் விருது கிடைத்தது. அட்டை மலிவு, குழந்தை வளர வளர மாற்றிச் செய்துகொள்ளலாம். நம் ஊரில் எந்தச் சந்தையிலும் கிடைக்கும் பொருள் அது.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பள்ளி தன்னார்வலர்களால் நடக்கவில்லை. சட்டத்தாலும் பயிற்சி பெற்ற ஆசிரியர்களாலும் நடக்கிறது. மாசசூசெட்ஸ் மாநிலம் 1972-இல் சிறப்புக் கல்விச் சட்டத்தை இயற்றியது. நாடு முழுவதற்குமான சட்டத்தில் ஜனாதிபதி ஃபோர்டு கையெழுத்திட்டது 1975 நவம்பரில். அப்போது ஏறத்தாழ 10 லட்சம் குழந்தைகள் அரசுப் பள்ளிகளுக்கு வெளியே முற்றாக ஒதுக்கப்பட்டிருந்ததாக அந்தச் சட்டமே பதிவு செய்திருக்கிறது. இன்று அதன்கீழ் சிறப்புக் கல்வி பெறுகிறவர்கள் 75 லட்சத்துக்கும் அதிகம். ஒவ்வொரு குழந்தைக்கும் பெற்றோரும் ஆசிரியரும் கூடி எழுதும் தனிக் கல்வித் திட்டம் கட்டாயம். கல்வி இங்கே உரிமை, கருணை அல்ல. தன்னார்வலர் அந்த உரிமைக்குத் துணை நிற்கலாம். அதன் இடத்தில் போய் உட்காரக் கூடாது.

ஆகவேதான் வந்து போகிறவர்களைப் பற்றி அந்தப் பள்ளி கண்டிப்பாக இருக்கிறது. கண்ணும் காதும் இல்லாத குழந்தை ஆளை எப்படி அறியும்? வளையல், மோதிரம், கைக்கடிகாரம் என்று ஆளுக்கொரு அடையாளம் உண்டு. வேலூர்ப் பெண் எப்போதும் ஒரே கண்ணாடி வளையலைத்தான் போட்டுக்கொண்டு போவாள். குழந்தை அதைத் தடவிப் பார்த்து, வந்தது யார் என்று தெரிந்துகொள்ளும். அந்த வளையலை நம்ப அதற்கு வாரக்கணக்கில் ஆகிறது. வேலை விண்ணப்பத்தில் ஒரு வரி சேர்ப்பதற்காக இரண்டு வாரம் வந்துவிட்டு மறைகிறவர், குழந்தை பாடுபட்டுத் தெரிந்துகொண்ட ஒரு மனிதரை அதனிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போகிறார். ஒரு பருவம் முழுவதும் வர முடியாதவர்கள் வர வேண்டாம் என்று பள்ளி சொல்வது முற்றிலும் நியாயம்.

ஊரில் இருக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதற்காகக் கடல் கடக்க வேண்டியதில்லை. 1985-இல் பூனம் நடராஜன் தொடங்கிய வித்யாசாகர் சென்னையில் இருக்கிறது. கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் தென்காசி அருகே ஆய்க்குடியில் இருக்கிறது. பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கான தேசிய நிறுவனம் முட்டுக்காட்டில் இருக்கிறது. பெயர் வெளியே தெரியாத சிறப்புப் பள்ளிகள் இன்னும் எத்தனையோ. நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று உரிமைகளை வகுத்திருக்கிறது. அந்தச் சட்டம் வகுப்பறைக்குள் வந்து சேர, பற்றவைக்கவும் அட்டை வெட்டவும் தெரிந்த கைகள் உதவ முடியும்.

பிறந்தநாளுக்குக் கேக் வெட்டிப் படம் எடுத்துக்கொள்ள அங்கே போகாதீர்கள். சிறப்பாசிரியரிடம் போய், “உங்களுக்கு என்ன தேவை?” என்று கேளுங்கள். அவர் சொன்னதைச் செய்யுங்கள், அடுத்த வாரமும் போங்கள். பெற்றோரே, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையோடு அடுத்த முறை பேசும்போது, இந்த வாரம் யாருக்கு என்ன செய்தாய் என்றும் கேளுங்கள். அந்தக் கேள்வி வீட்டிலிருந்து வந்தால் பதிலும் நிச்சயம் வரும்.

அன்புடன்,
பாஸ்டனிலிருந்து உங்கள் மடல்காரன்