அம்மா ஏறிய கைரிக்‌ஷா

பிரான்சில் மலைநடைப் பாதைகளைத் தரம் பிரிக்க அந்நாட்டு நடைப்பயணக் கூட்டமைப்பு ஒரு முறையைக் கையாள்கிறது. ஒரு பாதையை ‘எளிது’, ‘கடினம்’ என்று ஒற்றைச் சொல்லில் அது முடித்துவிடுவதில்லை. உடலுக்கு எவ்வளவு உழைப்பு, காலடி நிலம் எவ்வளவு சிக்கலானது, தவறி விழுந்தால் ஆபத்து எவ்வளவு என மூன்றையும் தனித்தனியே ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பிடுகிறது. ஆல்ப்ஸ் மலைக் கிராமம் ஒன்றில் எல்லோருக்குமான பாதைகள் இருக்கின்றன என்று சொல்லும்போது அதன் பொருள் இதுதான்: இதய நோயாளி முதல் எண்ணைப் பார்த்துக்கொள்ளலாம், காலில் வலுவில்லாதவர் இரண்டாவதைப் பார்த்துக்கொள்ளலாம்.

மும்பைப் புறநகர் ரயில் நிலையங்களில் நடக்கச் சிரமப்படுவோர் எவ்வாறு நகர்கிறார்கள் என்பது என் முனைவர் பட்ட ஆய்வு. அதற்கான வாசிப்பில் இம்முறையைக் கண்டபோது எனக்கு நினைவு வந்தவர் என் அம்மா. சிறுவயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கி இடது காலில் காலிப்பர் அணிபவர். தாராவியின் சந்துகளில் நாற்பது ஆண்டுகளாக ஊன்றுகோலோடு நடக்கிறார். உழைப்பு அவருக்கு ஒரு பொருட்டே அல்ல. மூன்று மாடி ஏறித் தண்ணீர்க் குடம் இறக்கியவர். உருளும் ஒரு கூழாங்கல்தான் அவரை நிறுத்தும். ‘எளிதான பாதை’ என்று நம் ஊர்ப் பலகைகள் சொல்வதெல்லாம் இரண்டு கால்களும் நன்றாக இருப்பவரின் மூச்சுக் கணக்கு.

மும்பைக்காரர்களுக்குக் கைக்கெட்டும் மலை மாத்தேரான். ‘உச்சிக்காடு’ என்று பொருள்படும் மராத்திப் பெயர். 1850இல் தாணே ஆட்சியர் ஹியூ மாலட் ஏறிப் பார்த்து ஆங்கிலேயருக்கு அறிமுகப்படுத்தினார். ஆதம்ஜி பீர்பாய் குடும்பத்தின் முயற்சியில் 1907இல் நேரலிலிருந்து குறும்பாதை ரயில் வந்தது. சுமார் 800 மீட்டர் உயரம். தஸ்தூரி நாக்காவுக்கு அப்பால் ஆம்புலன்ஸ் தவிர மோட்டார் வண்டிகளுக்கு நெடுங்காலம் இடமில்லாமல் இருந்தது. 2003இல் சூழல் கூருணர்வு மண்டலமாகவும் அறிவிக்கப்பட்டது. ஆகவே அங்கே நகர்வதற்கு மனிதக் கால், குதிரைக் கால், சிறு ரயில் ஆகியவற்றோடு மனிதர் இழுக்கும் கைரிக்‌ஷாவும் இருந்தது. இந்தியாவில் ‘எல்லோருக்குமான மலைப்பாதை’ ஒரு நூற்றாண்டாக எப்படி இயங்கியது என்று ஒரு பிரெஞ்சு ஆய்வாளர் கேட்டால் நான் இந்தக் கைரிக்‌ஷாவைத்தான் காட்டவேண்டியிருக்கும்.

2020 பிப்ரவரியில் அம்மாவை அங்கே அழைத்துச் சென்றேன். தாதரில் கர்ஜத் வண்டியின் மாற்றுத்திறனாளிகள் பெட்டியில் ஏறி, நேரலில் இறங்கி, பகிர்வு டாக்சியில் தஸ்தூரி வரை போய், அங்கிருந்து குட்டி ரயிலில் கடைத்தெருவை அடைந்தோம். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த அம்மா, தினமும் மேற்கே பொதிகையைப் பார்த்து வளர்ந்து, ஒருநாளும் அதில் ஏறாதவர். மாத்தேரானும் அதே மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபகுதி என்று சொன்னதும் அவருக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. சார்லட் ஏரியைப் பார்த்தே தீரவேண்டும்.

ஏரிக்குப் போகும் வழி செம்புறை மண். மழை அரித்த தடங்கள், வேர்கள், குதிரைக் குளம்பு கிளறிய சரளை. பத்து நிமிடங்கள் முயன்றபின் கைரிக்‌ஷா பேசினோம். முன்னால் ஒருவர் இழுக்க, பின்னால் ஒருவர் தள்ள, வண்டி நகர்ந்தது. மேட்டில் முன்னவரின் முதுகு சட்டைக்குள் விறைத்ததை அம்மா பார்த்துக்கொண்டே வந்தார். என் தாத்தா, அதாவது அம்மாவின் அப்பா, தாராவித் தோல் பதனிடும் கூடங்களுக்குக் கைவண்டி இழுத்தவர்.

“ஏ புள்ள, நிறுத்தச் சொல்லு. ஒங்க தாத்தா இழுத்த வண்டிதான் இது. அதுல தோலு கெடந்துச்சு, இதுல நான் உக்காந்திருக்கேன்” என்றார்.

நிறுத்தினார்கள். அம்மா இறங்கி ஒரு மரத்தின் வேரில் அமர்ந்து முழுக் கூலியையும் நீட்டினார். முன்னால் இழுத்தவர் வாங்க மறுத்தார். மலைக்குக் கீழேயுள்ள ஆதிவாசிக் குடியிருப்பிலிருந்து தினமும் ஏறி வருபவர் அவர். ஏரி வரை கொண்டுபோகாமல் காசு வாங்கமாட்டேன் என்று இந்தியில் சொல்லிவிட்டு, எல்லோரும் இப்படி இறங்கிவிட்டால் நாங்கள் எதைத் தின்பது என்று கேட்டார். கோபமில்லாமல், கணக்குக் கேட்பதுபோலத்தான் கேட்டார். அம்மா சற்று நேரம் பேசாமலிருந்து மீண்டும் ஏறிக்கொண்டார். ஏரியையும் அதன் கரையிலுள்ள பிசர்நாத் கோயிலையும் பார்த்தோம். திரும்பும்போது யாரும் அதிகம் பேசவில்லை.

தமிழ்நாட்டில் 1973இல் கலைஞர் அரசு கைரிக்‌ஷாவை ஒழித்து, இழுத்தவர்களுக்குச் சைக்கிள் ரிக்‌ஷா வழங்கியது. சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுநர்கள் தங்கள் வண்டிக்குத் தாங்களே உரிமையாளராக வழிசெய்யும் வகையில் ஆசாத் ரிக்‌ஷா தொழிலாளர் சங்க வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பெழுதியது 1980இல். மாத்தேரானுக்கு அந்த நியாயம் வந்துசேர 2025 ஆகஸ்டு ஆனது. தலைமை நீதிபதி பி.ஆர். கவாய் அமர்வு, மனிதரை மனிதர் இழுக்கும் வழக்கம் மனிதத்தன்மையற்றது என்றும், ஆறு மாதங்களில் அதைப் படிப்படியாக முடிக்கவேண்டும் என்றும் ஆணையிட்டது. மின்ரிக்‌ஷாக்களை முதலில் உண்மையான கைரிக்‌ஷாத் தொழிலாளர்களுக்கும், மீதமிருந்தால் பழங்குடிப் பெண்கள் உள்ளிட்டோருக்கும் தரச் சொன்னது. ஏரிப் பாதையில் கேட்கப்பட்ட கேள்விக்கு, தாளிலாவது, ஒரு பதில் கிடைத்தது. மின்ரிக்‌ஷா கேட்டு நீதிமன்றம் போனவர்களில் இழுத்த தொழிலாளர்களே இருந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். இயற்கை கெடும் என்று நகரத்தில் அமர்ந்து கவலைப்பட்டவர்களின் கண்ணில் அவர்கள் முதுகு கடைசியாகத்தான் பட்டது.

அதே தீர்ப்பில் என் ஆய்வுக்கு நேரடியாகத் தொடர்புள்ள இன்னொரு பகுதி உண்டு. தஸ்தூரி நாக்காவிலிருந்து சிவாஜி சிலை வரையிலான முதன்மைச் சாலையில் கற்பாளங்கள் பதிக்கலாம். உட்சாலைகளிலும் மலைநடைப் பாதைகளிலும் கூடாது. சூழலியல் நோக்கில் இதை நான் ஏற்கிறேன். காட்டுக்குள் சிமென்டு பரப்பி அதற்கு ‘அணுகல்’ என்று பெயர் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் விளைவைக் கவனியுங்கள். மின்ரிக்‌ஷா சாலையோடு நின்றுவிடும். கைரிக்‌ஷா போய்விடும், போகத்தான் வேண்டும். அதன்பின் அம்மாவைப் போன்றவர்களுக்கு மலை என்பது கடைத்தெரு மட்டுமே.

மண்பாதையை மண்ணாகவே வைத்து அதைச் சீர்செய்ய முடியும். மழைநீர் குறுக்கே ஓடிக் கழியச் சிறு வடிகால், இறுக்கிய மண், மேட்டுக்கு முன்னும் பின்னும் ஓர் இருக்கை, செங்குத்தில் ஒரு கைப்பிடி. இவற்றுக்குக் கற்பாளம் தேவையில்லை. சக்கர நாற்காலியும் போகமுடியாத இடங்களுக்காக 1987இல் பிரான்சின் மலைவழிகாட்டி ஜோயல் க்ளாதெல், தசைநோயுள்ள தம் உறவுச் சிறுவனுக்காக ஒற்றைச் சக்கர வண்டி ஒன்றைச் செய்தார். ‘ஜோலெட்’ என்று பெயர். முன்னும் பின்னும் ஆட்கள் பிடித்து நடத்தவேண்டும். பார்த்தால் கைரிக்‌ஷாவின் உறவுக்கார வண்டிதான்! பிடிப்பவர்கள் உடன்நடப்பவர்கள், பெரும்பாலும் நண்பர்கள் அல்லது தன்னார்வலர்கள் என்பது வேறுபாடு. மனிதர் மனிதரைத் தாங்குவதில் இழிவில்லை. வேறு வழியில்லாத ஒருவரை விலைபேசித் தாங்கவைப்பதில் இருக்கிறது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் 2021இன் ஒருங்கிணைந்த அணுகல் வழிகாட்டிகளும் நம்மிடம் உள்ளன. சாய்தளத்துக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற விகிதம் கட்டடத்துக்குச் சரி, மலைக்கு அது பொருந்தாது. மலையில் முதலில் தேவைப்படுவது முன்கூட்டிய தகவல். அதற்குக் காடழிக்க வேண்டாம், அளவுநாடா போதும்.

அதனால் தொடக்கமாக வீட்டருகிலேயே அளக்கிறோம். தாராவிப் பணிமனைக்கு எதிரேயுள்ள மகாராட்டிர இயற்கைப் பூங்கா, குப்பைமேடாக இருந்து, 1983இல் மரநடுகை தொடங்கி, 1994இல் திறக்கப்பட்ட 37 ஏக்கர் காடு. மித்தி ஆற்றங்கரையில் சமதளப் பாதைகள் கொண்டது. பாதையின் அகலம், மேற்பரப்பு, வேர்த்தடைகள், இருக்கைகளுக்கிடையே உள்ள தொலைவு எனப் பத்திகள் பிரித்து அட்டவணை போட்டிருந்தேன். அம்மா அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “ஏறுறத மட்டும் எழுதியிருக்க. எறங்குறதுதான் புள்ள கஷ்டம், காலிப்பர் முன்னால தள்ளும்” என்றார். பிரெஞ்சு மதிப்பீட்டிலும் அதற்கென்று தனி எண் இல்லை. இறக்கத்துக்கு ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். பூங்கா முடிந்ததும் மழை விட்டபின் மாத்தேரான் ஏரிப் பாதை. மராத்தி எழுதத் தெரிந்த மாணவர்களும், ஊன்றுகோலோ சக்கர நாற்காலியோ பயன்படுத்துவோரும் உடன் வந்தால் நல்லது. பயணச் செலவை எங்கள் சிறு குழு பகிர்ந்துகொள்ளும்.