தாத்தாவுக்கு 74, காருக்கு 38

ஜனவரி வந்தால் எங்கள் வீட்டில் ஒரு சண்டை நிச்சயம். தாத்தாவின் நிசான் சன்னிக்குக் காப்புறுதி புதுப்பிக்கிற மாதம். கார் 1988இல் செய்தது. தாத்தா கம்பளையில் ஒரு பாடசாலையில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். வியாழக்கிழமைகளில் பாட்டியை ஏற்றிக்கொண்டு பேராதனை வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் போவார், கெட்டம்பே சந்தியில் எல்லா பஸ்காரரிடமும் ஏச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வருவார். நாங்கள் இருவரும், அதாவது அக்காவும் தங்கச்சியும், கம்பஸ் லீவில் பின் சீட்டில் இருந்து பிரேக்கை மிதிப்பது போல காலை அழுத்திக்கொண்டே போவோம்.

"ஃபுல் எதுக்கு? தேர்ட் பார்ட்டி போடுவோம். பத்துல ஒரு பங்கு காசு" என்பது அப்பாவின் கட்சி. தாத்தா ஃபுல்தான் போடுவார், ஆனால் காரின் பெறுமதியை 6 லட்சம் என்று எழுதுவார். பெறுமதி குறைந்தால் கட்டுப்பணமும் குறையும் என்பது அவர் கணக்கு. வருசா வருசம் அப்படியே ஓடியது.

இந்த முறை அப்படி விட மனம் வரவில்லை. நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மகாவலி கம்பளைக்குள் ஏறியபோது, பக்கத்து வீட்டு மாமாவின் கார் கூரை வரை தண்ணீரில் நின்றது. அவரிடம் இருந்தது தேர்ட் பார்ட்டி மட்டும். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயம் என்று சொல்வது அதைத்தான்: நம் காரால் மற்றவருக்கு வரும் சாவுக்கும் காயத்துக்கும் காப்பு. நம் கார் தண்ணீரில் போனால் அது நம் தலையெழுத்து. எங்கள் சன்னி மேட்டு வீட்டில் நின்றதால் தப்பியது.

அதனால் தாத்தாவின் பத்திரத்தை முதல் தடவையாக உட்கார்ந்து வாசித்தோம். பழைய கார் விலை 2020இல் இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து ஏறிய ஏற்றம் தெரிந்ததுதானே. 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்குக் கதவு திறந்த பிறகும் சன்னிக்கு 15 லட்சம் கேட்கிறார்கள். 15 லட்சம் பெறுமதியான காரை 6 லட்சத்துக்குக் காப்புறுதி செய்தால், விபத்தில் ஒன்றரை லட்சம் செலவு வந்தாலும் அதே விகிதத்தில் 60,000 ரூபாதான் கிடைக்கும். பழைய காருக்குப் புது உதிரிப்பாகம் போட்டால் தேய்மானம் என்று அதிலும் கழிப்பார்கள். தாத்தா இவ்வளவு காலமும் மிச்சம் பிடித்ததாக நினைத்தது இதைத்தான்.

வெள்ளத்துக்கான காப்பு தனியே சேர்க்க வேண்டியது. அது பத்திரத்தில் இல்லை. கலவரம், பயங்கரவாதத்துக்கான காப்பு இருந்தது. அந்தக் காசு தேசிய காப்புறுதி நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்குப் போகிறது. "அதை வெட்டினா என்ன தாத்தா?" என்று கேட்டோம். "83 நீங்க பாக்கல" என்றார். பிறகு அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

கடைசிப் பக்கத்தில்தான் எங்களுக்கு வயிறு எரிந்தது. சாரதிக்கும் பயணிகளுக்கும் விபத்து நன்மை என்று ஒரு சேர்ப்பு. அதற்குத் தாத்தா ஒவ்வொரு வருசமும் தனியாகக் காசு கட்டியிருக்கிறார். கீழே எறும்பு எழுத்தில், 70 வயது வரை மட்டும். தாத்தாவுக்கு 74, பாட்டிக்கு 71. அந்தக் காரில் வாரா வாரம் ஏறுகிற இரண்டு பேருக்கும் அது இல்லை! விண்ணப்பப் படிவத்தில் காரின் வயதைக் கேட்டவர்கள் தாத்தாவின் வயதைக் கேட்கவே இல்லை. லண்டனில் இருக்கும் பெரிய மாமா, வயது ஏற ஏறக் கட்டுப்பணமும் ஏறுது என்று புலம்புவார். அங்கே 70க்குப் பிறகு மூன்று வருசத்துக்கு ஒரு தரம் அனுமதிப்பத்திரமும் புதுப்பிக்க வேணும். கொடுமைதான், ஆனால் முகத்துக்கு நேரே சொல்கிறார்கள்.

பாட்டியிடம் சொன்னோம். "அப்ப நான் இவ்வளவு நாளும் சும்மாவா போனேன்?" என்று கேட்டுவிட்டுத் தேங்காய் துருவப் போய்விட்டார். தாத்தா பத்திரத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அன்று இரவு சாப்பிடவில்லை. கடைத்தெருவில் ஒரு ஆட்டோவை உரசிவிட்டு, போனஸ் போய்விடும் என்று க்ளெய்ம் பண்ணாமல் கையில் இருந்த 18,000த்தைக் கொடுத்த கதையை அடுத்த நாள்தான் வெளியே விட்டார். காரை விற்றுவிடலாம் என்று அப்பா சொல்லப் பயந்தே மறைத்திருக்கிறார். விற்றால் பாட்டி பஸ்ஸில் தொங்க வேண்டும், அல்லது வியாழனுக்கு வியாழன் ஆட்டோக் கூலி. எங்களுக்கும் விற்கச் சொல்ல வாய் வரவில்லை. ஆனால் பயம் இல்லை என்றால் பொய்.

பேரம் பேசினோம். ஃபுல், சந்தைப் பெறுமதிக்கு. வெள்ளம் சேர்க்க வேண்டும். விபத்து நன்மையை வெட்ட வேண்டும். முதல் 25,000 ரூபாயை நாமே ஏற்பது என்று எழுதிக் கட்டுப்பணத்தைக் கொஞ்சம் இறக்கினோம். மாலை ஆறுக்குப் பிறகும் பெரஹரா நாட்களிலும் தாத்தா ஓட்டுவதில்லை. அது பத்திரத்தில் இல்லை, பாட்டிக்குக் கொடுத்த வாக்கு.

மழை நாட்களில் நாங்கள் ஓட்டலாம் என்று எங்களில் மூத்தவள் பெயரையும் கொடுத்தோம். அவளுக்கு 22, அனுமதிப்பத்திரம் எடுத்து எட்டு மாதம். ஏஜென்ட் பேனையை நிறுத்தினார். "மிஸ் ஓட்டி அடிபட்டா மேலதிகமா ஒரு தொகை நீங்க கட்டணும். வயசு குறைவு."

தாத்தா இரண்டு நாளைக்குப் பிறகு அப்போதுதான் சிரித்தார். சாவியைத் திரும்ப எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.