ஒன்பதா, ஐந்தா

'திருத்தணி' என்று பைதானிடம் கொடுத்து நீளம் கேட்டால் 9 என்று சொல்லும். நாம் எண்ணினால் 5 எழுத்து: தி, ரு, த், த, ணி. யூனிகோடில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் வரும் வித்தியாசம். தமிழுக்குக் கட்டற்ற மென்பொருள் எழுத வருகிற புதியவர்கள் பலரும் முதலில் இடறுவது இங்கேதான். அவர்கள் அனுப்பும் நிரலைப் படித்துக் கருத்துச் சொல்வது நான் சம்பளமில்லாமல், விரும்பிச் செய்யும் வேலை. என் ஊர்ப் பெயரையே சோதனைக்குக் கொடுப்பேன்.

"யூனிகோடே தெரியாமல் எழுதியிருக்கிறீர்கள்" என்று பதில் போட ஒரு நிமிஷம் போதும். அது உண்மையாகவே இருந்தாலும் எழுதியவருக்கு அதில் பிடித்துக்கொள்ள எதுவுமில்லை. "திருத்தணி என்று கொடுத்தால் 9 வருகிறது, 5 வரவேண்டும். ஓப்பன்-தமிழ் நூலகம் எழுத்துகளை எப்படிப் பிரிக்கிறது என்று பாருங்கள்" என்றால் அன்று இரவே திருத்தி அனுப்பிவிடுவார்.

கடுமையாகப் பேசினால்தான் தரம் நிற்கும் என்பவர்கள் லினக்ஸ் கெர்னலைக் காட்டுவார்கள். அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே 2018 செப்டம்பரில், தன் மின்னஞ்சல்களில் ஆட்களைத் தாக்கியதற்கு மன்னிப்புக் கேட்டு, சில வாரங்கள் ஒதுங்கியிருந்தார். அதே மாதம் கெர்னலுக்குப் புதிய நடத்தை விதிகள் வந்தன.

நம் பக்கத்துச் சிக்கல் வேறு. இங்கே வசவைவிடப் பணிவுதான் அதிகம் கெடுக்கிறது. 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கும் மாணவர் நான் சொன்னதை மறுக்கவே மாட்டார். சரியாக இருந்த தன் வரியையும் அழித்துவிடுவார். ஆகவே 'ஐயா' வேண்டாம், 'அண்ணா' போதும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதைச் சொன்னாலும் காரணத்தோடு சொல்கிறேன்; காரணம் தெரிந்தால்தானே எதிர்த்துப் பேச முடியும்? ஏற்க முடியாத நிரலுக்கும் பதில் எழுதுகிறேன். உழைத்து அனுப்பியதை மாதக்கணக்கில் கேட்பாரற்றுப் போட்டுவைப்பதைவிடப் பெரிய அவமரியாதை எனக்குத் தெரியவில்லை.

ஆந்திராவின் நகரிப் பக்கத்து மாணவி ஒருவர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், இப்போது என்னோடு மல்லுக்கு நிற்கிறார். 'க்ஷ'வை க், ஷ என்று இரண்டாகப் பிரிக்கச் சொன்னேன்; யூனிகோடில் அப்படித்தான் இருக்கிறது. "அண்ணா, அது ஒரே எழுத்து. தெலுங்குல தனி எழுத்தாவே சொல்லித் தருவாங்க. தமிழ்லயும் ஒரே வடிவமாத்தானே எழுதுறோம்?" என்று கேட்டு, என் முறையில் உடைந்துபோகும் சொற்களின் பட்டியலையும் அனுப்பியிருக்கிறார். பாதிக்கு என்னிடம் பதில் இருக்கிறது. மீதிக்காகப் பழைய இலக்கண நூல்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். அதுவரை அந்த நிரலை இணைக்கவில்லை.