கணக்கில் வராத சுவர்கள்

மௌலிவாக்கத்தை யாரும் மறக்கவில்லை. 2014 ஜூன் 28 அன்று, கட்டிக்கொண்டிருந்த பதினோரு மாடிக் கட்டடம் மழையில் சரிந்து 61 பேர் இறந்தார்கள். எட்டே நாள் கழித்து, ஜூலை 6 அன்று, செங்குன்றத்துக்குப் பக்கத்தில் உப்பரபாளையத்தில் ஒரு கிடங்கின் சுற்றுச்சுவர் தொழிலாளர் குடிசைகள் மேல் விழுந்து 11 பேர் இறந்தார்கள். என் தொழிலில் இருப்பவர்களிடமே கேட்டுப் பார்த்திருக்கிறேன். முதல் விபத்தை மணிக்கணக்கில் அலசுவார்கள். இரண்டாவது பலருக்கு நினைவில் இல்லை.

2019 டிசம்பர் 2, விடியும் முன்னால், மேட்டுப்பாளையம் நடூரில் இருபது அடி உயரச் சுவர் ஓட்டு வீடுகள் மேல் சாய்ந்து 17 பேர் போனார்கள். அதைத் தீண்டாமைச் சுவர் என்றே அந்தக் காலனி மக்கள் சொன்னார்கள். 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலி சாஃப்டர் பள்ளியில் கழிவறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகுதான் தமிழ்நாடு முழுக்கப் பள்ளிக் கட்டடங்களைச் சோதித்து, பழுதானவற்றை இடிக்க அரசு உத்தரவு போட்டது. மௌலிவாக்கம் தவிர மற்ற மூன்று இடத்திலும் வீடோ வகுப்பறையோ இடியவில்லை. வெறும் சுவர் விழுந்தது. அடியில் சிக்கியவர்கள் அந்தச் சுவரைக் கட்டச் சொன்னவர்கள் இல்லை.

தருமபுரி மாவட்டத்தில் கட்டடங்களைப் பார்த்து உறுதித்தன்மைச் சான்று கொடுப்பது என் வேலை. பொதுமக்கள் கூடுகிற கட்டடத்துக்கு உரிமம் வேண்டும் என்ற தமிழ்நாடு பொதுக் கட்டடங்கள் உரிமச் சட்டம் 1965-இல் வந்தது. சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டமானதும் அதே ஆண்டில்தான். அந்த உரிமத்துக்காகத் தாலுகா ஆபீசில் வைக்கிற காகிதக் கட்டில் என் சான்றும் ஒன்று. கோடை விடுமுறை முடியப் போகிற நேரத்தில் பள்ளிக்காரர்கள் கூப்பிடுவார்கள். போனதும் பிரதான கட்டடத்துக்கு அழைத்துப் போவார்கள். தூண், பீம், தளம் எல்லாம் காட்டுவார்கள். ரீபவுண்ட் சுத்தியலை எடுத்தால் நாலு பேர் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். சுவிட்சர்லாந்துக்காரர் ஷ்மிட் 1940-களின் கடைசியில் உருவாக்கிய கருவி அது. கான்கிரீட்டின் மேல்தோல் எவ்வளவு கெட்டி என்று சொல்லும். உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்று சொல்லாது. ஆனாலும் கருவிக்கு ஒரு மரியாதை உண்டு.

பாலக்கோடு பக்கம் ஒரு பள்ளியில் பிரதான கட்டடத்தைப் பார்த்து முடித்துவிட்டுப் பின்பக்கம் நடந்தேன். வாட்ச்மேன் கூடவே வந்தார். "அங்க ஒண்ணுமில்லீங்க சார். அது கட்டடம் இல்லீங்க, பாத்ரூமுங்க" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. வரைபடத்திலும் அந்த இடம் வெறுமையாகத்தான் இருந்தது.

பையன்கள் கழிவறையின் மறைப்புச் சுவர் அது. நாலரை இன்ச் செங்கல் சுவர், ஏழடி உயரம், எட்டு ஒன்பது தப்படி நீளம். நடுவில் ஒரு பில்லர் கிடையாது. சுவருக்கு அந்தப் பக்கம் ரோடு. கட்டும்போது ரோடும் பள்ளி மைதானமும் ஒரே மட்டமாக இருந்திருக்கும். அதன் பிறகு ரோடு போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டு, சாக்கடை அள்ளிய மண்ணையும் ஓரத்தில் கொட்டி, இப்போது வெளிப்பக்கம் மூன்றடி மண். மறைப்புக்காக எழுப்பிய சுவர், யாரும் முடிவு செய்யாமலேயே, மண்ணைத் தாங்குகிற சுவராகிவிட்டது. எங்கள் மாவட்டத்தில் நான் சந்தேகப்படுகிற சுவர்களில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான். கட்டிய அன்று தப்பில்லை. பக்கத்தில் இருக்கிற தரை உயர்ந்துவிட்டது.

இதற்குக் கருவி வேண்டாம், தூக்குக்குண்டு போதும். மரக்கட்டையைச் சுவரின் உச்சியில் ஒட்டிப் பிடித்துக் குண்டைக் கீழே இறக்கினேன். கட்டையும் குண்டும் ஒரே அகலம். அதனால் சுவர் நேராக இருந்தால் குண்டு சுவரைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். இங்கே சுவரை விட்டு இரண்டு விரல் தள்ளி நின்றது. அதாவது உச்சி உள்பக்கம், பிள்ளைகள் நிற்கிற பக்கம், நாலு சென்டிமீட்டர் சாய்ந்திருக்கிறது. நாலு சென்டிமீட்டர் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பதினோரு சென்டிமீட்டர் தடிமன் உள்ள சுவரில் அது கொஞ்சம் அல்ல. சுவரின் சொந்த எடை அடிப்பகுதியின் நடு மூன்றிலொரு பங்குக்குள் இறங்கும் வரை எந்தப் பக்கமும் இழுவிசை வராது; அதைத் தாண்டினால் ஒரு பக்கம் கலவை பிய்யத் தொடங்கும். இந்தச் சுவர் மண்ணின் தள்ளலைக் கணக்கில் சேர்க்காமலே அந்த எல்லைக்கு வந்துவிட்டது. வெளிப்பக்கம் மண்ணைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். தரைமட்டத்தை ஒட்டி ஒரே நீளத்துக்கு மயிரிழை விரிசல்.

மண்ணின் தள்ளலைப் பற்றி இரண்டு விஷயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இவை தெரியாமல்தான் ஆட்கள் தைரியமாக இருக்கிறார்கள். மண்ணின் உயரம் இரண்டு மடங்கானால் சுவரைக் கவிழ்க்கிற திருப்புத்திறன் எட்டு மடங்காகும். "இன்னும் ஓரடி மண்ணுதானே" என்பது அதனால்தான் ஆபத்தான பேச்சு. இன்னொன்று, காய்ந்த மண்ணைவிடத் தண்ணீர் நிரம்பிய மண் ஏறத்தாழ இரண்டு மடங்கு தள்ளும். பங்குனி, சித்திரையில் அசையாமல் நிற்கிற சுவர் என்று காட்டுவார்கள். அது நிற்பது காய்ந்த மண்ணுக்கு எதிராக. ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் பெய்தால் அதே சுவருக்கு வேறு கணக்கு.

பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் மலையடிவாரக் காடுகளில் கல்லை மட்டும் அடுக்கிக் கட்டிய பழைய கல்லுக்கட்டுகள் உண்டு. கலவை இல்லை, ஆனாலும் தலைமுறைகளாக நிற்கின்றன. அடி அகலம், உச்சி குறுகல், முகம் மண் பக்கம் கொஞ்சம் சாய்வு. மழைத் தண்ணீர் கல் இடுக்கில் வடிந்துவிடும். இப்போது அதே கருங்கல்லை நேர்குத்தாக வைத்து, இடுக்கெல்லாம் சிமெண்ட் பூசி அழகு செய்கிறார்கள். தண்ணீர் போக வழியில்லை. பழைய கட்டைக் கட்டியவர்களுக்குப் படிப்பு இல்லை என்று நினைப்பவர்கள் ஒரு மழைக்காலத்தில் இரண்டையும் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

சுவர் மட்டும் இல்லை. சன்ஷேடும் இந்தக் கணக்கில் வராத கூட்டத்தில்தான் சேரும். அதன் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். கான்கிரீட் போடும்போது ஆட்கள் மிதித்துக் கீழே இறக்கிவிட்டால் கம்பி இருந்தும் பிரயோஜனமில்லை. கழிவறைத் தளத்தின் மேல் ஏற்றுகிற ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் டேங்க், நிரம்பினால் ஒரு டன். அதற்காக யாரும் தளத்தைக் கணக்குப் போட்டதில்லை.

அந்த மறைப்புச் சுவரைப் பற்றிப் பாலக்கோடு பள்ளியின் தலைமை ஆசிரியையிடம் வந்து சொன்னேன். "சர்டிபிகேட்டுக்கு இதுவும் வேணுமா சார்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பிரதான கட்டடத்துக்குத்தான் சான்று கேட்டிருந்தார்கள், அதில் பெரிய குறை இல்லை. ஆனால் அந்த வளாகத்தில் அந்தச் சுவர் நிற்கும்வரை நான் கையெழுத்துப் போடுவதாக இல்லை. கோபமில்லாமல் சொன்னேன். அவரும் புரிந்துகொண்டார். வளாகத்திலுள்ள ஒவ்வொரு தனிச்சுவரின் உயரம், தடிமன், இரு பக்கத் தரைமட்டம், சாய்வு இவற்றுக்கு ஒரு பக்கம் ஒதுக்கிச் சான்றோடு சேர்த்துத் தருவது இப்போது என் வழக்கம். எல்லாச் சான்றிலும் இது கட்டாயமாக வேண்டும் என்று நான் வெளிப்படையாகவே கேட்கிறேன். அரைநாள் வேலை. செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை.

அந்தச் சுவரை இடிப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. சாய்ந்த சுவரைக் கடப்பாரையால் நெம்பித் தள்ளிவிடலாம் என்று ஆட்கள் உடனே கிளம்பினார்கள். நிறுத்தினேன். முதலில் உள்பக்கம் கயிறு கட்டி ஆள் போகாமல் தடுத்து, வெளியிலிருந்து மண்ணை எடுத்து, பிறகு உச்சியிலிருந்து ஒவ்வொரு வரியாகக் கழற்றச் சொன்னேன். அடிவரை வந்தபோது அஸ்திவாரம் என்று இருந்தது ஒரு சாண் ஜல்லி மட்டும்.

புதுச் சுவருக்கு மேஸ்திரியோடு பேச்சு நீண்டது. இரண்டடி ஆழ அஸ்திவாரம், ரோடு மட்டம் வரைக்கும் அகலமான கருங்கல் கட்டு, அதற்கு மேல் ஒன்பது இன்ச், எட்டடிக்கு ஒரு பில்லர், கல் கட்டுக்குப் பின்னால் ஜல்லி நிரப்பு, நாலடிக்கு ஒரு இரண்டு இன்ச் பிவிசி குழாய். "பாத்ரூம் சுவத்துக்கு இவ்வளவா சார்? ஒரு ரூமே கட்டிடலாமே" என்றார். உயரத்தை ஐந்தரை அடியாகக் குறைத்தோம். அதில் மிச்சமான செங்கல் பில்லருக்குப் போனது. குழாய் விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. பூச்சு வேலையில் சுத்தமாகத் தெரிய வேண்டும் என்று குழாய் வாயையும் சேர்த்து மெழுகிவிடுவது கொத்தனார்களுக்குப் பழக்கம். பூச்சு முடிந்த மறுநாள் ஒவ்வொரு குழாயிலும் கம்பி விட்டுப் பார்த்த பிறகே மேஸ்திரியின் கணக்கை முடிக்கச் சொன்னேன்.